ஊசியும் இல்லை ஆசாரியும் இல்லை

நம் வயதுக்கார ஆண்கள் ஒரு நிமிடம் உங்கள் காதுமடலைத் தடவிப் பாருங்கள். கடுக்கனை எந்தக் காலத்திலோ கழற்றியிருப்பீர்கள். ஆனாலும் விரலுக்கு ஒரு சின்னக் குழி தட்டுப்படும். இரண்டு பக்கமும் தட்டுப்படும். எனக்கு வலது காதில் மட்டும்தான் இருக்கிறது. முடி வெட்டும்போது கவனித்துக் கேட்டவர்களிடம், "இன்னொண்ணு தூந்துபோச்சுங்க" என்று சொல்லிவிடுவேன். தூரவில்லை. அந்தக் காதைக் குத்தவே இல்லை. அது ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பாடாலூரில் பெரிய ரோட்டு ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். டயரைக் கழற்றுகிற நேரத்தில் லாரிகளின் பின்பக்கம் எழுதியிருப்பதை ஒன்று விடாமல் படிப்பேன். ஒரே வரியில் இரண்டு அர்த்தம் அகப்பட்டுவிட்டால் கையிலிருக்கும் லீவரைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். "என்னங்க, டயருக்குச் சாமி வந்துருச்சா?" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்த ருசி எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு மழைக்காலத்தில். அதுவும் நான் உட்கார்ந்திருந்த வகுப்பில் இல்லை, பக்கத்து வகுப்பில்.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐப்பசி மழையில் ஆரம்பப் பள்ளியின் ஓட்டுக்கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் அடி இல்லை. கூரை கட்டும் வரைக்கும் ஐந்தாம் வகுப்பை உயர்நிலைப் பள்ளியின் நீளமான கொட்டகைக்கு அனுப்பினார்கள். கொட்டகையை நடுவில் ஒரு மூங்கில் தட்டி வைத்துத் தடுத்து, அதன் மேல் பிரித்த சிமெண்டுச் சாக்குகளைத் தைத்திருந்தார்கள். மழை நாளில் அந்தச் சாக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரு வாசனை விடும். புதுச் சுவரில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். இப்போதும் எங்காவது வீடு கட்டுகிற இடத்தைக் கடந்தால் எனக்குத் தமிழ்ப் பாடம்தான் ஞாபகம் வருகிறது.

தட்டிக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு. அதில்தான் அக்கா படித்தாள்.

எங்கள் சாருக்கு வாய்ப்பாடுதான் உயிர். காலையில் பதினாறாம் வாய்ப்பாட்டில் தொடங்கினால் மணி அடிக்கும் வரை கத்த வேண்டும். கத்திக் களைத்துச் சார் நாற்காலியில் கண்ணயரும் அந்தக் கொஞ்ச நேரத்தில், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழம்மாவின் குரல் வரும். அவர் அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். வயதும் அதிகமிருக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்து வந்து தொண்டை கட்டியிருக்கும். முகத்தை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். குரலை இன்றைக்குக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

"செய்யுளை மனப்பாடம் பண்றது அப்பறம். மொதல்ல நேத்து ஒங்க வூட்டுல யாரு யாரத் திட்டுனாங்கன்னு சொல்லுங்க."

வகுப்பு சிரிக்கும்.

"எங்கப்பா சித்தப்பாவத் திட்டுனாரும்மா. தண்ணி காட்டிட்டான்னு."

"சரி. தண்ணி காட்டுறதுன்னா என்ன?"

"ஏமாத்திட்டு நழுவுறதும்மா."

"மாட்டுக்குக் காட்டுறோமே, அது?"

"அது நெசத் தண்ணிம்மா."

"அப்ப ரெண்டையும் ஒரே பாட்டுல கட்டுவோமா?" என்று சொல்லி, சாக்கட்டி கிறீச்சிட எழுதிக்கொண்டே வாசிப்பார்: "மாட்டுக்குத் தண்ணி காட்டினார் மாமனார், மருமகன் வந்தான், அவனுக்கும் காட்டினார்."

அங்கே ஒரே கூச்சலாகிவிடும். "அவருக்கு என்னம்மா குடுக்காம வுட்டாரு?" என்று ஒரு பையன் கேட்பான். "அத மருமகன்ட்டதான்டா கேக்கணும்" என்று அவர் சொல்வார். இந்தப் பக்கம் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். யாரும் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. நான் தட்டியை ஒட்டிய கடைசி இடத்துக்கு மாறிக்கொண்டேன்.

ஆரம்பப் பள்ளிக் கூரையின் மரச்சட்டத்தை ஊர்க்காரர்களே சேர்ந்து தூக்கிய வாரத்தில் அவர் ஒரு வரி எழுதினார். ஓடு வேய்ந்து முடிய மாசி ஆகிவிட்டது, அதுவரை நாங்கள் கொட்டகையில்தான். "விழுந்த பள்ளி பலகையால் எழுந்தது." ஒரு பெண், "அம்மா, பலகையா, பல கையா?" என்று கேட்டாள். "நான் எடம் வுட்டு எழுத மாட்டேன். காதால பிரிச்சுக்க" என்றார். கேட்ட பெண் என் அக்காதான். அந்தக் கரும்பலகை என் கண்ணுக்குத் தெரியாது. காது மட்டும்தான் இருந்தது. அதனால் அந்த வகுப்பிலேயே எனக்குத்தான் இது சுலபமாக வந்தது என்று நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் அப்படியெல்லாம் ஒரு கர்வம் வரும். தட்டி வழியாகக் கேட்கிறேன் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. பிறத்தியார் வீட்டுச் சோற்றை ஜன்னல் வழியாக முகர்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

என் காதுகுத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வயதில், மூன்று வயதில் குத்திவிடுவார்கள். எனக்கு ஆறு வயது வரை கையில் காசில்லை என்று விட்டார்கள், பத்து வயதாகியும் குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மாமாவுக்கு அரியலூரில் மளிகைக் கடை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். வருடா வருடம் தை பிறந்ததும் வருவார். எனக்குப் பொரிவிளங்காய் உருண்டை வாங்கி வருவார். மடியில் தூக்கி வைத்து, என் காதைத் திருகி, "வர்ற மாசிக்கு இந்தக் காதுல ஓட்ட போட்டுருவோம்டா தங்கம்" என்பார். மாசி வரும். ஏதாவது ஒரு காரணமும் வரும். அடுத்த மாசிக்குத் தள்ளிப்போகும். இப்படியே நாலு வருடம் போனது.

அந்தத் தையிலும் வந்தார். இந்தத் தடவை அக்காவைப் பற்றியும் பேசினார்.

"மச்சான், பரீச்ச முடியட்டும். புள்ளய நம்ம வூட்டுக்கு அனுப்புங்க. ஸ்டேஷன்லேந்து கூப்புடு தூரத்துல பொம்பளப் புள்ளங்க பள்ளிக்கூடம். பன்னெண்டாவது வரைக்கும் அங்க இருந்து படிக்கட்டும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒங்க வூடுன்னா சரி மச்சான். வேற எங்கயும் பொம்பளப் புள்ளய நான் வுடமாட்டேன்" என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தாவணி முனையை வாயில் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குதி குதித்தாள். அவளுக்குத் தமிழம்மா மாதிரி ஆக வேண்டும். அதை வெளியில் சொல்ல மாட்டாள். ஆனால் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அடுப்புக்கரியால் சுவரில் எழுதி, தொண்டை கட்டின குரலில் ஆட்டுக்குட்டிக்குப் பாடம் நடத்துவாள்.

மாமா பஸ் ஏறிப் போன பிறகு அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "இந்த மாசிக்குமா? எங்கண்ணன் நாலு வருசமா நமக்குக் காது குத்திக்கிட்டுத்தான் இருக்காரு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். கோபத்தில் சொன்னதல்ல. அண்ணன்மேல் இருந்த செல்லத்தில் சொன்னது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்தாள். அவளுக்கு என்ன அகப்பட்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தமிழம்மா அந்த வாரம் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். வீட்டில் பேசுகிற ஒரு தொடரை வைத்து நாலு வரி எழுத வேண்டும். வெளியே ஓர் அர்த்தம், உள்ளே ஓர் அர்த்தம் இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, எங்கள் பக்கத்தில் பதினேழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் தமிழம்மா அக்காவின் நோட்டை வாசித்தார்.

"வருசம் தவறாமல் வருவார் மாமா
வாஞ்சையாய் மடியில் இருத்திக்கொள்வார்
ஊசியும் இல்லை ஆசாரியும் இல்லை
வலிக்காமல் காது குத்திப் போவார்."

கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு யாரோ ஒருவனுக்கு முதலில் புரிந்து, அவனிடமிருந்து பக்கத்து ஆளுக்குப் போய், கொட்டகையே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். கை தட்டினார்கள். "அருமை. ரெண்டு பக்கமும் கதவு தொறக்குது பாத்தியா" என்று தமிழம்மாவின் கட்டின குரல் சொன்னது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் சிரிப்பு எப்போதுமே விக்கல் மாதிரிதான் வரும். அடக்கினால் இன்னும் மோசமாகிவிடும்.

"எவன்டா அது?" சாரின் புளிய விளார் மேசையில் அடித்தது. "என்னடா?"

"விக்கல் சார்."

"பதினேழு அஞ்சுல என்னடா விக்கலு? போ, போயித் தண்ணியக் குடி. வந்ததும் கைய நீட்டு."

பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கையை நீட்டினேன். வலிக்கவில்லை. அந்த நாலு வரியும் எனக்கு முழுசாக மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்த மாசியில் மாமா உண்மையிலேயே காதுகுத்து வைத்துவிட்டார்.

குலசாமி கோயில் வேப்பமரங்களுக்குக் கீழே பந்தல். பத்து வயதில் மொட்டை அடித்து, சந்தனம் பூசி, புதுச் சட்டையோடு மாமா மடியில் உட்கார்ந்தேன். என் கால் இரண்டும் தரையில் பாவின. "மாப்புள்ளைக்குக் காதுகுத்தா, பொண்ணு பாக்க வந்துருக்கமா?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவின் வெள்ளை வேட்டியில் மளிகைக் கடை வாசனை, சீரகமும் வெல்லமும் கலந்தது. அத்தை சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ரோஸ் காகிதத்தில் மடித்த இரண்டு தங்கக் கடுக்கன்களை மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒன்றை ஆசாரியிடம் கொடுத்தார்.

வலது காதில் குத்தியதும் நான் துள்ளிவிட்டேன். அம்மா ஓடி வந்து தலையைப் பிடித்தாள். ஆசாரி அனுபவஸ்தர். "தம்பி, பள்ளிக்கூடத்துல படிச்ச பாட்டு ஒண்ணு எடுத்து வுடு. நீ முடிக்கிறதுக்குள்ள நான் முடிச்சிருவேன்" என்றார்.

"சொல்லுடா தங்கம், மாமா கேக்குறேன்" என்றார் மாமா.

அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் பாடப் புத்தகத்திலும் பாட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நிலாப் பாட்டு வந்தது. கிளிப் பாட்டு வந்தது. ஆனால் அவற்றுக்கு யாரும் கொட்டகை அதிரச் சிரித்ததை நான் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு. அது தட்டிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு தடவை அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்று இருந்தது.

முதல் வரி சொன்னேன். மாமாவின் நெஞ்சு என் முதுகில் விரிவது தெரிந்தது. இரண்டாவது வரி. "கேட்டீங்களா, மருமவன் கட்டுன பாட்ட!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவது வரியில் ஆசாரியே ஊசியை நிறுத்திவிட்டார். நாலாவது வரியைச் சொல்லி முடித்தேன்.

சிரித்தார்கள். நான் நினைத்ததைவிடப் பெரிதாகவே சிரித்தார்கள். மாமாவும் முதலில் சிரித்தார். அவர் வயிறு குலுங்கியது. அதோடு விட்டிருந்தால் அது வேடிக்கையாகவே போயிருக்கும். அப்பாவின் பங்காளி ஒருவர், "பையன் சரியாத்தான்யா சொல்றான். நாலு வருசமா குத்துன காதுல்ல இது! மடியில வெக்கத்தான் வாஞ்ச, மத்ததுக்கு இல்ல!" என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் மறுபடி சிரித்தது. என் இடுப்பைப் பிடித்திருந்த மாமாவின் கை தளர்ந்தது. பின்னால் அத்தையின் தட்டில் ஒரு தேங்காய் உருண்டு மற்றொன்றில் மோதும் சத்தம் கேட்டது.

மாமா என்னை மெதுவாகத்தான் இறக்கிவிட்டார். எழுந்து வேட்டியைத் தட்டினார். அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இதத்தான் வூட்டுல பாட்டாப் பாடிக்கிட்டு இருந்தீங்களா?"

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். அது அவளுடைய வார்த்தை. "அண்ணே, சாப்புட்டுட்டு..." என்றாள்.

அவர் கை நனைக்காமல் போனார். உறவு வீட்டில் சாப்பிடுவதற்குக் கை நனைப்பது என்று ஏன் சொல்கிறோம் என்று தமிழம்மா ஒருநாள் பாடம் நடத்தியிருந்தார். அந்தத் தொடர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பக்கத்தில் அத்தையோடு, புழுதி ரோட்டில் பஸ்ஸுக்கு நடந்து போவதை ஒரு காதில் ரத்தத்தோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கடுக்கன் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அடிக்கவில்லை. உட்கார வைத்துக் கேட்டார்.

"இந்தப் பாட்ட ஒனக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?"

தட்டி வழியாகக் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா உரல் பக்கத்தில் நின்றாள். நான் அவள் பக்கம் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"நீதான் எழுதுனியா?"

"வீட்டுப்பாடத்துக்கு எழுதுனேம்ப்பா."

"வீட்டுப்பாடத்துக்கு எழுதுனத இவனுக்கு எதுக்குச் சொல்லிக் குடுத்த? சின்னப் புள்ள, இதுக்கு என்ன தெரியும் இதுல இருக்குற விஷம்? டேய், ஒனக்கு அர்த்தம் தெரியுமாடா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "நாந்தான்ப்பா சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அந்த வார்த்தையை முதலில் சொன்னவள் பேசவில்லை. ஊர் முன்னால் சொன்னவன் உண்மை பேசவில்லை. நடுவில் எழுதினவள் மட்டும் பேசினாள். நாற்பது பக்க நோட்டு வெந்நீர் அடுப்பில் போனது. "அருமை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்த பக்கம் கடைசியாகச் சுருண்டது. அதை நான் குச்சியால் தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

பங்குனியில் தமிழம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். முகத்தைக் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மூக்குத்தி போட்டிருந்தார். அந்தக் குரலுக்கு நான் மூக்குத்தி நினைத்து வைத்திருக்கவில்லை.

"தப்பு என்னோடதுங்க. நான் குடுத்த பாடம். அவ நல்ல மார்க் வாங்குவா. மேல படிக்க வைங்க."

"படிக்கலாம்ங்க. எங்க இருந்து படிப்பா? மாமன் வூடுன்னுதான சரின்னேன். அந்த வாசல்ல இனி எந்த மொகத்தோட போயி நிக்கிறது?" அப்பா மரியாதையாகத்தான் சொன்னார். "ரெண்டு அர்த்தத்துல எழுதச் சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு ஒரு அர்த்தத்துலயே பேச வரலீங்க."

தமிழம்மா தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊர் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அக்கா பத்தாவதில் நல்ல மார்க்கோடு தேறினாள். ஆனி மாதம் அவளுடைய பள்ளிக்கூட நீலத் தாவணியில் அம்மா ஆட்டுக்குட்டிக்குக் கயிறு திரித்தாள். என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பா கூப்பிட்டார். ஆறாம் வகுப்பு என்றால் தட்டிக்கு அந்தப் பக்கம். நான் அவ்வளவு ஆசையோடு காது வைத்துக் கேட்ட பக்கம். அக்கா போக முடியாத இடத்துக்கு எனக்குக் கால் வரவில்லை.

"நான் போவலப்பா."

"மாடு மேய்க்கிறியா?"

"மேய்க்கிறேன்."

அப்பா இரண்டு நாள் கத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் முடிவு செய்துகொண்டது. வலது காதுக் கடுக்கன் ஒரு வருடத்துக்குள் சோளத்தட்டைக் காட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது. தேடி அழுதேன். கிடைக்கவில்லை.

மாமா கடைசிவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் காலமானபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரியலூருக்குப் போனோம். மூன்றாம் நாள் அத்தை அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததை, வேறு பக்கம் பார்த்தபடி நான் கேட்டேன். ஒவ்வொரு தையிலும் அவர்களுக்கு இந்த வருடம் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. தன் பிள்ளையை மடியில் வைத்த பிறகு தங்கை பிள்ளையை வைக்கலாம் என்று அத்தைதான் கேட்டுக்கொண்டாராம். ஒவ்வொரு மாசியிலும் அந்த நம்பிக்கை இல்லாமல் போயிருக்கிறது. அதை வெளியில் சொல்ல முடியாமல் மாமா ஒவ்வொரு காரணமாகத் தேடியிருக்கிறார். நாலாவது வருடம், "போதும், குத்திரலாம்" என்று சொன்னதும் அத்தைதான். நாங்கள் எல்லோரும் அவருடைய வார்த்தைகளை ஒரே பக்கமாகத்தான் பிரித்திருக்கிறோம்.

கிளம்பும்போது அத்தை ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். ரோஸ் காகிதம் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. உள்ளே ஒற்றைக் கடுக்கன். அது இப்போது கடையில் வால்வு போட்டு வைக்கிற டப்பாவுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. போட்டுக்கொள்ள ஓட்டைதான் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன மாசியில் நடந்தது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருமானூர்ப் பக்கம். நெல்லும் கரும்பும் விளைகிற வீடு. மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து வைத்தாள். குழந்தைக்குத் தாய்மாமன் அக்காவின் மகன். அவன் வெளிநாட்டில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. "மாமனுக்கு மாமன் நீ இருக்கியே, வந்து உக்காரு" என்று அக்கா போன் செய்தாள். முந்தின நாளே சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தேன். நகக்கண்ணில் இருக்கிற கிரீஸ் போகவில்லை. பதினொரு மாதக் குழந்தை அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தது. மொட்டைத் தலை என் நெஞ்சில் சூடாக இருந்தது. மாமாவுக்கு நான் எப்படி இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் கனமான பையன்.

ஒரு காது குத்தினதும் குழந்தை வீறிட்டது. ஆசாரி சின்ன வயசுக்காரர். "யாராச்சும் ஒரு பாட்டுப் பாடுங்கம்மா, புள்ள வேடிக்க பாக்கட்டும்" என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா முன்னால் வந்து குழந்தைக்கு எதிரே குந்தினாள். நரைத்த தலை, கழுத்தில் வியர்வை. தொண்டை கட்டின குரலில், தமிழம்மாவின் அதே இழுப்போடு, சொல்ல ஆரம்பித்தாள்.

"வருசம் தவறாமல் வருவார் மாமா..."

நாலு வரியையும் சொன்னாள். குழந்தை வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தது. ஆசாரி இரண்டாவது காதையும் முடித்துவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏதோ பழைய பாட்டு என்று நினைத்துச் சிரித்துக் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் கண்ணை மறைத்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, குழாயடியில் அக்கா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். நாற்பது வருடமாக வாயில் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு அப்பாகிட்ட அர்த்தம் தெரியாதுன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா."

"எப்புடி?"

"வகுப்புல எல்லாரும் சிரிச்சப்ப தட்டிக்கு அந்தாண்ட ஒரு விக்கல் கேட்டுச்சு. அது யாரு விக்கலுன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க சாரு தண்ணி குடிக்கச் சொன்னதும் கேட்டுச்சு. அடிச்சதும் கேட்டுச்சு."

குவளையிலிருந்து தண்ணீர் என் கால்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பறம் ஏன்க்கா அப்பாகிட்ட சொல்லல?"

அக்கா அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையால் என் இடது காதைப் பிடித்து, ஓட்டை இல்லாத அந்த மடலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துலேந்து ஒருத்தி நின்னா போதும்னு இருந்தேன்டா. நீயும் நின்னுட்டியே."